முப்பது அடிக்கு எத்தனை டன்?

நோட்டுப் புத்தகம் ஷவுகத் அலியின் மார்பில் பட்டு வாசல் மண்ணில் விழுந்தது.

"நல்லா இரு பாய்! கூட உக்காந்து சோறு துன்னவன் கழுத்தயே அறுத்துட்டியே!" என்று கத்தினான் வரதன். பின்னாலேயே ஓடிவந்த அவன் மனைவி நாகவல்லி, மூச்சு வாங்கியபடி குனிந்து நோட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

யுத்தத்தின் ஐந்தாவது வருஷம் அது. பட்டாபிராம் ராணுவக் கிடங்கில் அன்று காலைதான் கிரேன் ஓட்டும் லைசென்ஸுக்குப் பரீட்சை நடந்தது. நீராவிக் கிரேனுக்குக் கரி அள்ளிப் போட்டு மூன்று வருஷமாக இருமிக்கொண்டிருந்த வரதனுக்கு, லைசென்ஸ் கிடைத்தால் கரிவாரியை எறிந்துவிட்டு லீவரைப் பிடிக்கலாம் என்று கனவு.

ஷவுகத் அலி அந்தக் கிடங்கின் மூத்த டிரைவர். சங்கிலி விழுந்து ஒரு கால் ஊனமானதால், மற்ற டிரைவர்களையெல்லாம் அஸ்ஸாம் போர்முனைக்கு அனுப்பியபோதும் அவரை மட்டும் இங்கேயே விட்டுவைத்திருந்தார்கள். பரீட்சைக்கு வேண்டியதையெல்லாம் தமிழில் எழுதி வரதனுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"இன்னா ஆச்சு வரதா? மொதல்ல அத்த சொல்லு."

"இன்னும் இன்னா ஆவணும்? கிரேன் கைய முப்பது அடி நீட்னா எத்தினி டன்னு தூக்கலாம்னு கேட்டான் தொரை. நானு நெஞ்ச நிமித்திகினு மூணு டன்னுன்னேன். சிரிக்கிறான் பாய்! 'அப்டித் தூக்குனா கிரேனு குப்புற வுயும், நீயும் அதோட பூடுவே'ன்னு கிளார்க்கு எடுத்துச் சொல்றாரு."

"அப்பறம்?"

"இருபது அடிக்கு அஞ்சுன்னேன், தப்பு. பதினாறு அடிக்கு ஆறுன்னேன், அதுவும் தப்பு. எதச் சொன்னாலும் ஒரு டன்னு ஜாஸ்தி! சுத்தி நின்னவனுங்க அல்லாரும் சிரிக்கிறானுங்க."

ஷவுகத் அலி நெற்றியைச் சுருக்கினார். "பரீட்சை பயத்துல மாத்திச் சொல்லிட்டியா?"

"மாத்திச் சொல்றதா? எனக்கு எழுத்துதான் வராது, காது நல்லாத்தான் கீது. ஒரு மாசமா தெனமும் இவ படிக்கப் படிக்க, திருப்பித் திருப்பிச் சொல்லி மனசுல ஏத்திகினேன். இப்பக்கூட கேளு, ஒண்ணு வுடாம ஒப்பிக்கிறேன்!"

வரதன் அவர் காலைக் காட்டினான். "உன் காலு நசுங்கினப்போ தோள்ல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கி ஓடுனேனே, அதுக்கு இதுதான் கூலியா? போன வருசம் என் மச்சான் சின்னப்பையனுக்கும் நீதானே நோட்டு எழுதிக் குட்த்தே? மொத தபாவே பாஸ் பண்ணி, எட்டாம் நாளு அஸ்ஸாமுக்கு ரயிலேறிட்டான். அவனுக்கு மட்டும் சரியா எழுதினே. எனக்கு இன்னாத்துக்கு மாத்தினே?"

தம்பியின் பெயரைக் கேட்டதும் நாகவல்லி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து கடுதாசி இல்லை.

"நான் சொல்லட்டா?" என்றான் வரதன். "நான் பாஸானா, நொண்டிக் கால வச்சிகினு நீ இன்னாத்துக்குன்னு தொரை உன்ன ஊட்டுக்கு அனுப்பிடுவான். அந்தப் பயம். அஸ்ஸாமோ பர்மாவோ, எங்க அனுப்பினாலும் நான் போயிருப்பேன் பாய். டிரைவர்னு பேரோட போயிருப்பேன்."

ஷவுகத் அலிக்கு முகம் சுண்டிவிட்டது. நொண்டிக் கால் என்று அந்த வாய் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை.

"நோட்டக் குடும்மா, பாக்கறேன்" என்று கையை நீட்டினார்.

நாகவல்லி உடனே கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் கொடுத்தாள்.

அவர் பக்கத்தைப் புரட்டி, வரிவரியாக விரலை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். நாகவல்லி நோட்டைப் பார்க்கவில்லை, கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி பாய்! தெகிரியம் இருந்தா சத்தமாப் படி!"

ஷவுகத் அலி மெதுவாக நோட்டை மூடினார்.

"தப்பு என்னுதுதாம்பா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

இல்லை என்று சாதிப்பார், நன்றாகச் சண்டை பிடிக்கலாம் என்று வந்தவன் வரதன். இப்படி ஒத்துக்கொண்டதும் அவனுக்கு ஓங்கிய கை இறங்கிப்போயிற்று.

"இனிமே உன் ஊட்டு வாசல மிதிச்சேன்னா, என்ன ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான். திரும்பிப் பார்க்காமல் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

நாகவல்லி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அவன் தலை மறைந்த பிறகு ஷவுகத் அலி நோட்டைத் திறந்து அவளிடம் காட்டினார். "முப்பது அடிக்கு ரெண்டு டன்னு. நான் சரியாத்தானேம்மா எழுதிக்கீறேன்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பிக்குச் சரியாத்தாண்ணே படிச்சுக் காட்டினேன்."