ஐம்பது வருசத்துப் பழைய சத்தம்

"தம்பி, எனக்கு என்ட பழைய மெட்டுப் பெட்டியத் தா. உன்ட புதுச் சத்தத்தக் கேட்டு ஆக்கள் வாளியோட வாறாங்க!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் இனாஸின் அறைக்குள் வந்து நின்றான் முபாரிஸ். மதுரங்குளி ஒழுங்கைகளில் பத்து வருடமாக மெட்டுப் போட்டபடி த்ரீவீலில் பேக்கரிப் பாண் விற்கிறவன்; இனாஸுக்கு நானா, அண்ணன் முறை.

"வாளியோடயா? என்னத்துக்கு நானா?"

"தண்ணி பௌசர் வருதாம்! நான் பாண் விக்கிறவன்டா!"

இனாஸ் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். கொழும்பு விளம்பரக் கம்பெனிகளுக்கு லாப்டாப்பில் சத்தம் செய்து கொடுப்பது அவன் தொழில். முகத்தில் கலைஞனுக்கு வரும் கோபம் வந்தது.

"நம்மட ஆக்களுக்குக் காதில்ல நானா. உங்கட த்ரீவீலுக்கு நான் போட்டுத் தந்தது ஐம்பது வருசத்துக்கு முந்தின சிந்தசைசர்ட சத்தம். அசல் மெஷின் வாங்கப் போனா இந்த ஊட்ட விக்கணும். அத அப்படியே சொஃப்ட்வெயாரா செஞ்சிரிக்காங்க. இங்க பாருங்க."

திரையில் மரப்பலகை, அதில் வரிசையாகக் குமிழ்கள், நாலு மூலையிலும் திருகாணி.

"திருப்பேலாத ஆணிய என்னத்துக்குக் கீறி வச்சிரிக்கி?"

"அது அழகுக்கு. பழைய மெஷின் சூடாகினா சுருதி விலகும். அந்தக் குறையக்கூட நான் விடல்ல. ரெண்டு நாள் குந்தியிருந்து சேத்தன்."

"குறைய ரெண்டு நாள் குந்தியிருந்து சேத்தியா?" முபாரிஸுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ட பெட்டியும் சூடாகினா விலகினதானே! மெட்டுட அஞ்சாவது எடத்துல வழுக்கி ஆட்டுக்குட்டி மாதிரி அழுமே! அது தன்பாட்டுல அழுதிச்சி. நீதானே, 'வெக்கக்கேடு நானா, மாத்துங்க' எண்டு கழட்டி எடுத்த?"

"அது வேற, இது வேற."

"வேறதான். உன்ட சத்தம் உம்ம்ம்ம் எண்டு தொடங்குது. தொடங்கிக்கொண்டே இரிக்கி. மெட்டு வாறதுக்குள்ள நான் ரெண்டு ஒழுங்கை தாண்டிப் போயிடுறன்!"

"ஃபில்டர் மெல்லத் திறக்கணும் நானா. அதுலதான் கலையே இரிக்கி."

"உன்ட ஃபில்டர் திறக்குது. ஒரு ஊட்டுக் கேட்டும் திறக்குதில்ல! கேட்டுக்கோ, இண்டைக்கும் பாண் திரும்பி வந்தா நாளைக்கு இந்த ரூட்ட மத்தப் பாண்காரன் டிலக்‌ஷனுக்குக் குடுத்துருவன் எண்டிட்டார் பேக்கரி முதலாளி. அஸர் தொழுகைக்குப் பொறகு நான் வெளிக்கிடணும். பெட்டியத் தா."

இனாஸ் திரையைப் பார்த்தபடி சொன்னான்: "அத அண்டைக்கே களப்புத் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டன்."

"களப்புக்குள்ளயா!"

பத்து வருடச் சோறு களப்புக்குள் கிடப்பதை நினைத்து முபாரிஸ் கதிரையில் பொத்தென்று குந்தினான். அடுத்த நிமிடமே எழும்பினான்.

"நல்லதெல்லாம் கொழும்புக்கு, பௌசர் சத்தம் எனக்கா?"

"கொழும்பு மட்டும் லேசா நானா? மூணு கிழமையா எதைக் குடுத்தாலும், 'உசிர் இல்ல, உசிர் இல்ல' எண்டாங்க. கடைசியா ஒண்டு அனுப்பினன். 'இது அசல் பழைய மெஷினேதான், சொஃப்ட்வெயார்ல எப்படிச் செஞ்ச?' எண்டு போன்ல கத்துறாங்க. அடுத்த மாசம் டீவியில வருது."

"அப்ப அதப் போடு. கேப்பம்."

இனாஸின் கை லாப்டாப்பை மூடப் போனது. "அது... உங்களுக்கு விளங்காது நானா."

"சத்தத்தால சோறு தின்னுறவன் நான். எனக்கு விளங்காதா?"

முபாரிஸ் அவன் தோளுக்கு மேலால் கையை நீட்டி, லாப்டாப்பில் கண்ணில் பட்ட ஆகப் பெரிய விசைக்கட்டையை ஓங்கிக் குத்தினான்.

மேசையிலிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அதிர்ந்தன. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமான, எதிரொலிக்கிற சத்தம். மெட்டு மிக மெதுவாக, மரியாதையோடு நாலு அடி நடந்தது. ஐந்தாவது அடியில் வழுக்கி அழுதது.

முபாரிஸின் வலது கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடியது.

வெளியே படீரென்று ஒரு கேட் திறந்தது. அதற்கு அடுத்ததும் திறந்தது. பக்கத்து வீட்டு மபாஸா ராத்தா தட்டும் கையுமாக ஜன்னலடிக்கு ஓடி வந்தாள்.

"பாண்காரத் தம்பி! ரெண்டு ரோஸ் பாண், நாலு மாலு பணிஸ்! அல்ஹம்துலில்லாஹ், பழைய பெட்டியத் திரும்பப் பூட்டிட்டீங்களா?"

இனாஸ் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தான். களப்புக்குள் கிடக்க வேண்டிய பெட்டி, சத்தம் வரும் வாயில் ஒட்டிய ரெக்கோர்டிங் மைக்கோடு வெளியே வந்தது.