ஒளித்து வைத்த மொட்டு

பூ விட்டால் இலை கசந்துபோகும் என்று தணிகாசலம் சீனித்துளசியின் மொட்டுகளைக் கிள்ளிவிடுவார். சர்க்கரை நோய்க்காரரான அவருடைய டீக்கு அந்த இலைதான் இனிப்பு.

ஒரு மொட்டை மட்டும் அந்தச் செடி இலைக்கடியில் ஒளித்துக்கொண்டது.

"வேண்டாம்டி" என்றது பக்கத்து மிளகாய்ச் செடி.

"உனக்கென்ன, நீ பூத்தாத்தானே காய். நானும் ஒரு தடவை பூத்துப் பாக்கறேனே."

பூ வெள்ளையாக விரிந்தது. அன்று டீயைக் குடித்தவர் முகம் சுளித்தார். உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் தண்ணீர் ஊற்றும்போதுதான் பூவைப் பார்த்தார். கிள்ளப்போன விரலை இழுத்துக்கொண்டார்.

"அழகாத்தான் இருக்கே. இருந்துட்டுப் போ."

உள்ளே மறுபடியும் டப்பா மூடிச் சத்தம் கேட்டது.

சீனித்துளசி தலை நிமிராமல் மிளகாய்ச் செடியிடம் சொன்னது: "காத்தடிச்சா என்மேல சாய்ஞ்சு இந்தப் பூவை உதிர்த்துடேன்."