பதினொரு மணிச் சரிவு

காலை ஆறே முக்கால். மலையடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் நாங்கள் நான்கு பேர்தான் நின்றிருந்தோம்.

நவம்பரில் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். ஆர்டித் மூன்று சனிக்கிழமைகளை வரிசையாக ரத்து செய்ததில் பத்துப் பேர் கழன்றுகொண்டார்கள்.

முதல் வாரம், பனி மாவு மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் எங்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. "மூணடிதான் இருக்கு, எனக்கு அஞ்சடி வேணும்" என்று வாட்ஸப்பில் எழுதி முடித்துவிட்டார். மூன்று வாரமும் மருந்துக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றி வைத்திருந்தவள் நான்.

இத்தனையும் ஒரு சின்ன டப்பாவுக்காக. யாரோ எப்போதோ முகட்டில் அதை ஒளித்துவைத்து, இடத்தின் குறிப்பை இணையத்தில் போட்டிருந்தார்கள். ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு.

இரண்டு குளிர்காலமாக எங்கள் பயணங்களைத் திட்டமிடுவது ஆர்டித்தான். எந்தப் பாதையில் எத்தனை அடி பனி, எந்தச் சரிவை நம்பக் கூடாது, எங்கே வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் எதற்கும் அவர் வந்ததில்லை. அவர் வீடு கணவாய் தாண்டி, காஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம். எங்களில் அவரை நேரில் பார்த்தவர் லைல் ஒருவர்தான். இருவரும் கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர்கள்.

"ஜூலைல வந்திருந்தா அரை டவுசரோட ஏறி இறங்கி, மத்தியானம் பீர் குடிச்சிருக்கலாம்," என்றான் டென்னி. கூரை வேலை செய்பவன். வாய் சும்மா இருக்காது. "அந்தம்மா வீட்ல கணப்புப் பக்கத்துல சொகுசா உக்காந்துக்கிட்டு நம்மள ஆட்டி வைக்குது. இன்னைக்காவது வர்றேன்னிச்சே, வரட்டும், பாப்போம்."

லைல் தடித்த கயிறுகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஆர்டித். பக்கவாட்டுக் கதவு திறந்து, இரும்புப் பலகை ஒன்று மெல்லத் தரையிறங்கியது. அதன் மேல், சக்கர நாற்காலியில் அவர்.

டென்னி கடித்த டோனட்டை மெல்லுவதை மறந்து நின்றான்.

"நீதானே டென்னி? ஜூலைல வரலாம்னு மெசேஜ் மேல மெசேஜா போட்டுட்டிருந்தவன்?" என்றார் ஆர்டித். "ஜூலைல அந்தப் பாதை பூரா பாறாங்கல்லுப்பா. அஞ்சடிப் பனி விழுந்து, மேல இறுகினாத்தான் எனக்கு அது ரோடு."

வேனிலிருந்து நீளமான சறுக்குவண்டியை இறக்கினோம். கை கொடுக்கப் போன எங்கள் நான்காவது ஆள் மரிபெல்லை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டு, ஆர்டித் தானே கையூன்றி அதற்கு மாறினார்.

"ஒரே ஒரு விஷயம். பதினொரு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும். அதுக்கு மேல வெயில் பட்டா கடைசிச் சரிவுல பனி நிக்காது, மொத்தமா சரிஞ்சு வந்துடும். சரின்னு ஒவ்வொருத்தரா வாயால சொல்லுங்க."

சொன்னோம்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பனி கல்லாக இறுகியிருந்தது, காலடி புதையவில்லை. ஆர்டித் இரு கையிலும் கோல் பிடித்து உந்திக்கொண்டே வந்தார். மூச்சிரைப்புக்கு நடுவிலும் அதட்டல் ஓயவில்லை. "இடது பக்கம். இன்னும் இடது. டென்னி, கூரையில ஏறுற மாதிரி ஏறாதே, இழு."

ஒரு குறுகிய வளைவில் வண்டி ஒருக்களித்துச் சரிந்தது. பிடித்து நிமிர்த்தி, கயிற்றை மாற்றிக் கட்டுவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

கடைசிச் சரிவுக்கு வந்தபோது ஜி.பி.எஸ். முந்நூறு அடி காட்டியது. சரிவுக்கு அந்தப் பக்கம், டப்பா இருக்கும் பட்டமரம் கண்ணுக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றார் ஆர்டித். "மணி பதினொண்ணு."

"முந்நூறு அடிதான் ஆர்டித்!" என்றான் டென்னி. "பத்தே நிமிஷம் குடுங்க. உங்களத் தூக்கிக்கிட்டே ஓடிடுறேன்."

அவர் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலைப் பனியில் குத்தினார். காலையில் முனைகூட இறங்காத கோல் இப்போது கைப்பிடி வரை போனது.

"திருப்புங்க."

"நான் மட்டும் ஓடிப் போய் உங்க பேர எழுதிட்டு வந்துடட்டுமா?"

"என் பேர நான்தான் எழுதணும். நீயும் அங்க கால் வைக்கக் கூடாது."

டென்னி மேலே வாதாடுவதற்குள் லைல் வண்டியின் முகத்தைத் திருப்பிவிட்டிருந்தார்.

கீழே வந்ததும் ஆர்டித் வேனில் ஏறினார். ஸ்டீயரிங்கில் கை வைத்ததும் கண்ணாடியை இறக்கினார். "அடுத்த சனிக்கிழமை. ஆறு மணிக்கே கிளம்புறோம். அந்த வளைவுக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும், பிடிச்சுட்டு வாங்க."

வேன் போய்விட்டது. டென்னி லைலின் பக்கம் திரும்பினான்.

"நான் யாரோ எவனோ. நீங்க அவங்களோட இத்தனை வருஷம் வேலை பாத்தவர். நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. பத்து நிமிஷம்னு கேக்க உங்களுக்கு வாய் வரலையா?"

லைல் கையுறையைக் கழற்றி, சிவந்துபோயிருந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"கேட்டிருக்கேன் டென்னி. பதினாலு வருஷம் முன்னாடி, இதே சரிவுல. அப்ப அவ நடந்துதான் வந்தா. பதினொண்ணு ஆயிடுச்சு, திரும்பலாம்னு அவ சொன்னா. நான்தான் பத்து நிமிஷம் கேட்டேன்."

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவளும் குடுத்தா."