மனசுல இருந்தவர்

பெண்ணாடத்திலிருந்து அம்மாவோடு பெண் பார்க்க வந்த சேரனுக்குத் திக்கென்றது. காபி கொண்டுவந்த அன்பரசியின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்து வீங்கியிருந்தன.

"தூசி விழுந்துடுச்சு தம்பி" என்று சமாளித்தார், விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அப்பா.

சேரன் நம்பவில்லை. தனியாகப் பேச வேண்டுமென்று கேட்டு அவளோடு மாடிக்குப் போனான்.

"மனசுல யாராச்சும் இருந்தா சொல்லிடுங்க. எனக்குப் புடிக்கலன்னு நானே சொல்லிட்டுப் போயிடறேன்."

"இருந்தாருங்க. காலையில செத்துட்டாரு." அவள் மறுபடியும் விசும்பினாள்.

சேரன் குரலைத் தாழ்த்தினான். "வூட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் ஸ்கூலு படிக்கறப்ப தெனமும் சாயங்காலம் வருவாரு. அப்பாவும் பக்கத்துலதான் ஒக்காந்திருப்பாரு."

"அப்பாவா?"

"டிவியிலங்க! கணக்கு வாத்தியாரா நடிச்சாரே, ஞானசேகர் சாரு. அவரப் பாத்துதான் நானும் கணக்கு டீச்சரானேன். நடிகருக்குப் போயி அழுவுறியான்னு அம்மா திட்டறாங்க."

சேரன் சுவரில் சாய்ந்தான். "ஞானசேகர் சாரா? செத்துட்டாரா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"பத்தாவது பெயிலாயி கரும்பு வெட்டப் போனவங்க நான். அவரு பேசுனதக் கேட்டுதான் திரும்ப எழுதினேன்..." அவன் புறங்கையால் கண்களைத் துடைத்தான். அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

கீழே வந்தபோது நான்கு கண்களும் சிவந்திருந்தன. அவள் அப்பா பதறி எழுந்தார். "என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் சேரன், மூக்கை உறிஞ்சியபடி.

'மாமா' என்ற சொல் காதில் விழுந்ததுமே, சேரனின் அம்மா சுவரிலிருந்த காலண்டரில் முகூர்த்த நாள் தேடத் தொடங்கினாள்.