போட்டிக்காரன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

"'ரிங்ஸ் எ பெல்'லாம்! மணி அடிக்குதுன்னா ஞாபகம் வருதுன்னு அர்த்தமாம்! யாரு காதுல பூ சுத்துறான் இவன்?"

அடுப்படியில் நின்று முணுமுணுத்தாள் சண்முகப்பிரியா.

கூடத்தில் அவள் கணவன் அருண்ராஜுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுப்பவன் செல்வகுமார். இரண்டு பேருக்கும் மைன்ஸில் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை. இரண்டு பேருக்கும் பர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. காலி இடம் மட்டும் ஒன்றே ஒன்று.

அருண்ராஜுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோடு சரி. இதை விட்டால் ஆயுசுக்கும் காண்ட்ராக்ட்தான்.

"ஆபீசர் வடக்கத்திக்காரரு அண்ணே. இங்கிலீஷ்லதான் கேப்பாரு. பதில் மறந்துட்டா பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது. 'இட் ஸ்லிப்டு மை மைண்ட், சார்'னு தெம்பா சொல்லணும்."

"ஸ்லிப்புன்னா வழுக்குறதுதான?"

"ஆமாண்ணே. மனசுலேர்ந்து வழுக்கிடுச்சு, மறந்துட்டன்னு அர்த்தம். திடீர்னு ஞாபகம் வந்துட்டா 'இட் ஸ்ட்ரக் மீ'."

"அடிச்சுடுச்சுன்னா சொல்லச் சொல்ற?"

"பொறி தட்டுச்சுன்னு நாம சொல்றதில்லையா? அது மாதிரிதாண்ணே."

சண்முகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. வழுக்குதாம், அடிக்குதாம், மணி வேறு அடிக்குதாம். ஆபீசர் முன்னால் போய் இந்த மனுஷன் இதையெல்லாம் ஒப்பித்தால், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறைதான். அதற்குத்தானே இந்தப் போட்டிக்காரன் வேலை மெனக்கெட்டு தினமும் வந்து உட்காருகிறான்? இல்லாவிட்டால் இவனுக்கு என்ன தலையெழுத்து?

பாடம் முடிந்து செல்வகுமார் வாசலுக்குப் போனான். அருண்ராஜ் குளிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடிக்க, சண்முகப்பிரியா எடுத்தாள். ஆபீஸிலிருந்து.

"இன்டர்வியூ நாளைக்கேவா சார்? காலையில பத்து மணிக்கா? என்னது, செல்வகுமார் நம்பர் கெடைக்கலீங்களா? சரிங்க சார், நாங்களே சொல்லிடுறோம்."

குளித்துவிட்டு வந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யய்யோ, செல்வகுமாருக்கும் சொல்லணுமே!"

"அத நான் சொல்லிக்கிறன். நீங்க உக்காந்து படிங்க."

சொல்லவில்லை. குழி பறிக்க வந்தவனுக்கு இதெல்லாம் தகும் என்று தன் மனசுக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படியும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

காலையில் அருண்ராஜ் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனான். அவன் தெருமுனையைத் தாண்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் பைக் சத்தம்.

செல்வகுமார்! ஷிஃப்ட்டுக்குப் போகிற காக்கி உடுப்பு, தலையில் ஹெல்மெட்.

அவளுக்குப் பகீரென்றது. யாரோ சொல்லிவிட்டார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான்.

"அண்ணன் கெளம்பிட்டாருங்களா அண்ணி? பஸ்ஸு கெடைக்காம நின்னுகினு இருக்கப் போறாருன்னு வண்டிய எடுத்துகினு வந்தன்."

"இப்பதான் போனாரு தம்பி... நேத்தே போன் வந்துச்சு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தன். வேல மும்முரத்துல... அதான்பா, இட் ஸ்லிப்டு மை மைண்டு!"

செல்வகுமார் சிரித்துவிட்டான். சிரிப்பில் கோபம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை.

"அட, சுத்தமா சொல்றீங்களே அண்ணி!"

"இப்பவும் நேரம் இருக்குதே தம்பி. வூட்டுக்குப் போயி துணி மாத்திகினு ஓடுனா..."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னான்:

"நீங்க போன் பேசுனப்ப நான் வாசல்லதாங்க செருப்பு மாட்டிகினு இருந்தன். எனக்கு வயசு இன்னும் மூணு வருசம் இருக்குது அண்ணி, இந்தத் தடவ அண்ணன் போவட்டும்."