கிளைவ் பெயரில் ஒரு கடிதம்

ஷெஃபீல்டு நூலகத்தின் மாடியறை மேசையில் சனிக்கிழமையின் மழை வெளிச்சம். பகடைகளுக்கும் ஆறிய தேநீருக்கும் நடுவே 'குகைவாசல்' பத்திரிகையின் புது இதழ் பளபளக்கிறது. பகடை உருட்டி, கதைமாந்தர்களாக மாறி ஆடும் கதையாட்டக்காரர்களுக்கு மாதந்தோறும் வந்த குகை வரைபடம் இதில் இல்லை. அந்த இடத்தில் ஈயப் பொம்மை விளம்பரம். வாசகர் கடிதமொன்றில் மோரீன் விரலை வைத்திருக்கிறாள். வரைபடம் போனது நல்லது, புது வடிவம் அருமை என்கிறது அது. கீழே, எதிரில் உட்கார்ந்திருக்கும் கிளைவின் பெயர்.

"திட்டி எழுதப்போறேன்னு எங்க கையெழுத்தையும் வாங்கினியே. எத்தன பொம்ம குடுத்தாங்க?"

"திட்டித்தான் எழுதினேன், மோ."

"அப்ப இத பேய் எழுதிச்சாடா?" மோரீன் பக்கத்திலிருக்கும் டெரெக் தன் நாற்காலியைக் கிளைவிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொள்கிறான்.

கிளைவ் காது சிவக்கக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கிறான். சட்டென்று நிறுத்தி, நாலு முக்கோண முகங்களுள்ள சின்னப் பகடையொன்றை மோரீன் பக்கம் வீசுகிறான். உருளாமல் அது டொக்கென்று நிற்கிறது.

"இந்த நாலு பக்கப் பகடையில அஞ்சு விழுந்துச்சாம், கடிதத்துல இருக்கு. நாலுக்கு மேல இதுல எண்ணே கிடையாது. பதினோரு வருஷமா ஆட்டம் நடத்துறவன் இப்படி எழுதுவேனா?"

மோரீன் பகடையைத் திருப்பிப் பார்க்கிறாள். டெரெக்கின் நாற்காலி மேசையருகே வருகிறது. இதழில் புது வடிவத்தைப் புகழும் மற்ற ஐந்து கடிதங்களும் பத்திரிகைக்காரர்களே எழுதியவையா என்று மூவரும் அவற்றை முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்கத் தொடங்குகிறார்கள்.