இரண்டு காவல்காரர்களும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

அருளானந்தம் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் உழைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று அவர் அதில் ஒரு ஆன்டிவைரஸைப் போட்டார். மறுவாரம் மச்சான் சொன்னாரென்று, முதலாவதை எடுக்காமலே இன்னொன்றையும் போட்டார்.

புதிது உள்ளே வந்ததுமே பழையதைப் பார்த்து, "திருடன்! திருடன்!" என்று கத்தியது.

"யாருடா திருடன்? நீதான்டா திருடன்!" என்று பழையது அதன்மேல் பாய்ந்தது.

"நிறுத்துங்கடா!" என்றது கம்ப்யூட்டர், விசிறி இரைய. "என்கிட்ட இருக்கிறதே ரெண்டு ஜிபி ராம். அதையும் நீங்க தின்னுட்டா, அந்த மனுஷனுக்கு மகள் அனுப்புற மெயிலை நான் எப்படித் திறப்பேன்? உங்களைக் கூட்டிட்டு வந்தாரே, எவ்வளவு தாங்குவேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?"

அன்று ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஒரு வைரஸ் வந்தது. சண்டை மும்முரத்தில் காவல்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. வைரஸ் வாசலிலேயே நின்று, "அண்ணே, உள்ளே எனக்கு இடம் இருக்குமா?" என்றது.

கம்ப்யூட்டருக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"உள்ளே வா," என்றது. "இந்த வீட்டுல என்னைக் கேட்டது நீ ஒருத்தன்தான்."